ஊர் திரும்பிய கூத்தர்

(திருவாதிரைத் திருநாள் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தாமிரபரணிக் கரை கூத்தப்பெருமானுக்கு உகந்த கரை. ஐம்பெரும் சபைகளுள் தாமிரசபை நெல்லையப்பர் திருக்கோயிலில் உள்ளது. செப்பறை, கட்டாரிமங்கலம், கரிசூழ்ந்தமங்கலம், கருவேலங்குளம் ஆகிய தலங்களில் எழுந்தருளியுள்ள நடராசர் திருமேனிகளை ஒருங்கே எண்ணிப் போற்றுவது நம் மாவட்டத்து மரபு. இவ்வளவு பெருமை வாய்ந்த கரையிலிருந்து ஒரு கூத்தர் முப்பத்தேழு ஆண்டுகள் பிரிந்திருந்த வரலாற்றை இன்று கூற விழைகின்றேன்.

அம்பாசமுத்திரத்திற்கு எதிர்க்கரையில் உள்ளது கல்லிடைக்குறிச்சி. அப்பளத்தால் ஊரறிந்த அவ்வூரில் அறம்வளர்த்த நாயகி உடனுறை குலசேகரமுடையார் அருள்பாலிக்கின்றார். 1982ஆம் ஆண்டில் அத்திருக்கோயிலின் பூட்டை உடைத்துக் கள்வர் உட்புகுந்தனர். நடராசர், சிவகாமி அம்மை, மாணிக்கவாசகர், ஸ்ரீபலிநாயகர் ஆகிய நான்கு திருமேனிகள் களவு போயின. காவல்துறையில் வழக்குப் பதிவாயிற்று. துப்பு ஏதும் கிடைக்கவில்லை என்று இரண்டே ஆண்டுகளில், 1984இல், அவ்வழக்கு முடிக்கப்பட்டது.

நடராசர் கடல் கடந்தார். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் உள்ள தெற்கு ஆஸ்திரேலியக் கலைக்கூடம் 2001இல் அவரை விலைகொடுத்து வாங்கிக் காட்சிக்கு வைத்தது. அங்கே அவரைக் கண்டவர்கள் வியந்திருப்பார்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அன்பர்கள் ஒன்றைக் கருத வேண்டும். நடராசப் பெருமானுக்கு ஆண்டில் ஆறு நாட்கள் திருமுழுக்கு: மார்கழித் திருவாதிரை, மாசிச் சதுர்த்தசி, சித்திரைத் திருவோணம், ஆனி உத்திரம், ஆவணிச் சதுர்த்தசி, புரட்டாசிச் சதுர்த்தசி. முப்பத்தேழு ஆண்டுகளில் இருநூறுக்கும் மேற்பட்ட திருமுழுக்குகள் அவருக்கு இல்லாமற் போயின. பாலும் இளநீரும் சந்தனமும் காணாமல், மலர்மாலையும் பட்டும் இன்றி நின்றார். ‘நாங்கள் நன்றாகத்தானே பாதுகாத்தோம்’ என்று அருங்காட்சியகத்தார் கூறுவதுண்டு. தூசு படியாமல் காத்தது உண்மைதான். ஆனால் கோயிலுக்கு வர இயலாத முதியோரும் நோயாளரும் தம் வீட்டு வாயிலிலேயே கண்டு வணங்குவதற்காகத் தெருவில் எழுந்தருளும் உற்சவத் திருமேனியைக் கண்ணாடிக் காப்பிற்குள் வைத்துக் காப்பதைப் பாதுகாப்பு என்று ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

அவர் நம்முடையவரே என்பதை மெய்ப்பித்தது எது? ஒரு பழைய நிழற்படம்! 1955இல் தொடங்கப்பெற்ற புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் தமிழகத்துக் கோயில்கள்தோறும் சென்று திருமேனிகளைப் படம் எடுத்து வைத்தனர். 1958இல் கல்லிடைக்குறிச்சியில் எடுத்த படத்தோடு அடிலெய்டுத் திருமேனி பொருந்தியது. வார்ப்புத் திருமேனி ஒவ்வொன்றும் தனித்தனி மெழுகுக் கருவிலிருந்து பிறப்பது. கருவை உடைத்தே திருமேனியை எடுப்பதால் அச்சு அசலாக இன்னொன்று அமைவதில்லை. ஆகவே படத்தின் சான்றை மறுக்க இயலவில்லை. தமிழகச் சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவினரின் முயற்சியாலும், கலைக்கூடத்தார் உண்மையை ஏற்றதாலும், 2019 செப்டம்பரில் பெருமான் தில்லி வந்து, அங்கிருந்து இரயிலில் சென்னை வந்தார். கும்பகோணம் நீதிமன்றத்தில் ஒப்படைக்கப்பட்டபின் கல்லிடைக்குறிச்சிக்கு எழுந்தருளினார். ஊரே திரண்டு எதிர்கொண்டது.

நம் ஆற்றங்கரையில் இதுவொன்றே அன்று. முக்கூடலை அடுத்த அத்தாளநல்லூர் மூன்றீசுவரமுடையார் கோயிலில் களவுபோன இரு துவாரபாலகர்களும் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்திலிருந்து மீட்கப்பட்டனர். அதற்கு வெகு முன்பே திருவாரூர் வட்டாரத்துப் பத்தூர் நடராசருக்காக லண்டன் நீதிமன்றத்தில் வழக்கு நடந்து, 1991இல் அவர் தாயகம் திரும்பினார். கோயிலே வழக்காடும் உரிமை பெற்றது என்று அயல்நாட்டு நீதிபதிகள் ஏற்றது அவ்வழக்கின் சிறப்பு.

மீண்டு வந்த திருமேனிகளைப் பலவிடங்களில் திருமேனிப் பாதுகாப்பு மையங்களில் வைக்கின்றனர். பூட்டு உறுதியில்லாத சிற்றூர்க் கோயில்களுக்கு வேறு வழியில்லை என்பதை அறிவேன். எனினும், கடல் கடந்து வந்தவர் மீண்டும் ஓர் இரும்புக் கதவுக்குள் பூசையின்றி இருந்தால் அடிலெய்டுக்கும் அதற்கும் வேறுபாடு என்ன? காவலரும், எச்சரிக்கை மணியும், ஊரார் கண்காணிப்பும் அமையும் இடங்களிலெல்லாம் திருமேனியை அவரவர் சன்னதிக்கே அனுப்பி வைத்தல் முறையாகும்.

அன்பர்கள் இல்லங்களில் பழைய திருவிழாப் படங்கள், திருமணப் படங்கள் இருக்கலாம். பின்னணியில் சுவாமி எழுந்தருளியிருந்தால், படியெடுத்துத் தங்கள் ஊர்க் கோயில் செயல் அலுவலரிடம் தேதியுடன் கொடுத்து வையுங்கள். கல்லிடைக்குறிச்சிக்கு 2019இல் நடராசர் மட்டுமே திரும்பினார். சிவகாமி அம்மையும், மாணிக்கவாசகரும், ஸ்ரீபலிநாயகரும் அன்று அவருடன் வரவில்லை.