நாய்த் தட்டில் வெங்காயம் வேண்டாம்



கொல்லிமலை சோளக்காட்டில் வீட்டுத் திண்ணையில் சுருண்டு கிடக்குமே, பொமரேனியனும் நாட்டு நாயும் கலந்த குட்டை நாய், அதைப் பற்றி இன்று ஒரு தகவல்.

கலப்பு நாய் எதைப் போட்டாலும் தின்னும் என்போம். தின்னும்தான். ஆனால் வெங்காயம் ஆகாது. சின்ன வெங்காயம், பெரிய வெங்காயம், பூண்டு, எதுவுமே ஆகாது.

வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வேகவைத்தாலும் அந்தக் குணம் போகாது. உடம்பு சிறுசு என்றால் கொஞ்சம் தின்றாலே கெடுதல்.

மீந்த சாம்பார் சோற்றில்தான் ஆபத்து. வெங்காயத்தைப் பொறுக்கி எடுத்தாலும், சாறு குழம்பில் இறங்கியிருக்கும்.

தின்ற அன்றைக்கே தெரியாமல் போகலாம். சில நாள் கழித்துச் சோர்ந்து படுக்கும். உதட்டைத் தூக்கிப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருந்த ஈறு வெளுத்திருக்கும். சிறுநீர் காப்பி நிறத்தில் போகும். உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். மலை இறங்கினால் நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

சாமைச் சோறோ அரிசிச் சோறோ, குழம்பு ஊற்றும் முன்பே நாய்க்கு ஒரு பங்கு எடுத்து வையுங்கள். அவித்த முட்டையைப் பிசைந்து போடுங்கள். வெங்காயம் மட்டும் வேண்டாம்.