இருநூறு ஆண்டு மேசையும் இரண்டு இரும்புப் பட்டையும்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் அண்ணன் போன் செய்து, "பதினைந்து நிமிஷம் பேசணும்ப்பா, கியர் பாக்ஸ் பற்றி மட்டும் பேசிடாதே" என்றார். இங்கிலாந்தில் பத்து வருஷமாக அதைத்தான் செய்து வருகிறேன். அதை விட்டால் எனக்குத் தெரிந்தது ஒரு மேசையைப் பற்றித்தான். நான் கெடுத்த மேசை. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் வாடகை வீட்டிலிருந்து சொந்த வீட்டுக்குப் போனோம். சின்ன வீடு. ஹாலில் சுவரோரமாக ஒரு மேசை போட ஆசை. ஊரில் சனிக்கிழமை ஏலம் நடக்கும். அங்கே அரைவட்டமாக ஒரு மேசை இருந்தது. மஹோகனி மரம், ஓரத்தில் மஞ்சள் மரத்தில் மெல்லிய பட்டை, நாலு ஒல்லிக் கால்கள். சுமார் 1790இல் செய்தது என்று சீட்டில் எழுதியிருந்தார்கள். 140 பவுண்டுக்கு எனக்கே விழுந்தது. ஏமாந்துவிட்டோமோ என்று பயந்தேன். அப்படி இல்லை. இந்த மாதிரி பழைய பழுப்பு மரச் சாமான்களுக்கு 2000க்குப் பிறகு பிரிட்டனில் விலை பலமாக இறங்கிவிட்டது. புதிதாக வாங்கும் பலகைத்தூள் மேசையே சில சமயம் அதைவிட அதிகம்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் தெரிந்தது, அது வெறும் சுவர் மேசை இல்லை, சீட்டாட்ட மேசை என்று. மேல்பலகை இரண்டு அடுக்கு. பின்கால் ஒன்றைப் பிடித்து இழுத்தால் கதவு போல வெளியே திரும்பும். மேலடுக்கைப் புத்தகம் மாதிரி விரித்து அந்தக் காலின் மேல் வைத்தால் முழு வட்டம். உள்ளே பச்சைக் கம்பளித் துணி. பகலில் சுவரோரம் பூச்சாடி வைக்கும் மேசை, இரவில் நாலு பேர் உட்காரும் ஆட்ட மேசை!

18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வசதியான வீடுகளில் சீட்டாட்டம் ஒரு பைத்தியம். எட்மண்ட் ஹாயில் என்பவர் விஸ்ட் ஆட்டத்துக்கென்றே 1742இல் ஒரு புத்தகம் போட்டார். ஆனால் அறைக்கு நடுவில் மேசையை நிரந்தரமாகப் போட்டு வைப்பது அந்தக் காலத்துப் பழக்கமில்லை. எல்லாம் சுவரோரம் நிற்கும். வேண்டும்போது இழுத்துப் போடுவார்கள், முடிந்ததும் மடக்கி வைப்பார்கள். நம் பாட்டிமார்கள் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் தாயக்கட்டம் போட்டு, ஆடி முடித்ததும் துடைத்தார்களே, அதே கணக்குத்தான்! என்ன, அவர்கள் அதற்கு மேசை செய்தார்கள்.

இந்த மடக்கும் வேலையில்தான் தச்சர்களின் மூளை இருக்கிறது. மெக்கானிக்கல் தம்பிகள் கவனியுங்கள். என் மேசை எளிமையான வகை. காலைத் திருப்பும் கீல்கூட இரும்பு இல்லை, மரம். இரண்டு கை விரல்களைக் கோத்த மாதிரி மரத்தையே செதுக்கி, நடுவில் ஓர் இரும்புக் கம்பி. இரண்டாவது வகையில் பின்கால்கள் இரண்டும் சேர்ந்து வெளியே வரும். பக்கச் சட்டங்கள் நடுவில் மடிந்து ஆர்மோனியத் துருத்தி போல நீளும். விரித்தபின் நாலு மூலைக்கும் நாலு கால் சரியாக நிற்கும்.

மூன்றாவது வகை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவியது. நடுவில் ஒரே தூண், கால் எதுவும் நகராது. மேல்பலகையைக் கால்வட்டம் திருப்பிவிட்டு விரிக்க வேண்டும். இதில் ஒரு கேள்வி. மூடியிருக்கும்போது பலகை 36 அங்குல நீளம், 18 அங்குல அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுழலும் ஆணியை எங்கே வைப்பீர்கள்? நட்டநடுவில் வைத்தால், விரித்தபின் மேசை ஒரு பக்கமாகத் தொங்கும். நடுவிலிருந்து பக்கவாட்டில் நாலரை அங்குலம், கீல் இருக்கும் பக்கமாக நாலரை அங்குலம் தள்ளி வைக்க வேண்டும். அதாவது இரண்டு திசையிலும் அகலத்தில் கால் பங்கு. அப்போது 36க்கு 36 சதுரம் சட்டத்தின் நடுவில் கச்சிதமாக உட்காரும். பலகை திரும்பும்போது அடியில் தெரியும் குழியில் சீட்டுக்கட்டு வைத்துக்கொள்ளலாம். கால்குலேட்டர் இல்லாத காலம் நண்பர்களே! சந்தேகம் இருந்தால் ஒரு காகிதத்தை வெட்டிச் சுழற்றிப் பாருங்கள்.

இந்த வித்தையின் உச்சம் ஜெர்மனியில் ரைன் நதிக்கரை நொய்வீட் ஊரைச் சேர்ந்த டேவிட் ரொன்ட்கன் (1743-1807). பிரான்ஸ் அரசர் பதினாறாம் லூயியும் ரஷ்யப் பேரரசி கேதரினும் அவருடைய வாடிக்கையாளர்கள். அவர் 1780களின் தொடக்கத்தில் செய்த ஆட்ட மேசை ஒன்று நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்தில் இருக்கிறது. மூடியிருந்தால் சாதாரணச் சுவர் மேசை. ஒவ்வொரு பலகையாக விரித்தால் எழுதும் மேசை, சீட்டு மேசை, சதுரங்க மேசை. உள்ளே ஒளிந்திருக்கும் பேக்கமன் பெட்டி ஸ்பிரிங் விசையில் மேலெழும். கால்களைத் திருகிக் கழற்றி வண்டியில் ஏற்றலாம். இன்று கழற்றி மாட்டும் மேசை விற்பவர்கள் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை!

மரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிரிட்டிஷ் பாராளுமன்றம் 1721இல் தன் அமெரிக்கக் குடியேற்றங்களிலிருந்து வரும் மரத்துக்கு இறக்குமதி வரியை நீக்கியது. ஜமைக்கா மஹோகனி வந்து குவிந்தது. அதை வெட்டி இழுத்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகள். அந்தப் பளபளப்பைப் பார்க்கும்போது இதை மறக்கக் கூடாது. ஓரத்து மஞ்சள் மரம் சாட்டின்வுட். முதலில் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும், பிறகு இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் போனது. இலங்கைத் தமிழர்கள் முதிரை என்று சொல்கிற மரம்தான் இங்கிருந்து போனது. 19ஆம் நூற்றாண்டில் மேலே பூசிய பிரெஞ்சு பாலிஷ்? பேர்தான் பிரெஞ்சு. அரக்கு நம் நாட்டுப் பூச்சி கொடுத்தது.

சரி, நான் செய்த காரியத்துக்கு வருகிறேன்.

என் மேசையில் இரண்டு குறை. கீழ்ப்பலகை லேசாக வளைந்திருந்தது, அதனால் மேலடுக்கு சரியாகப் படியவில்லை. மரக்கீலும் கொஞ்சம் ஆடியது. எஞ்சினியர் அல்லவா, சும்மா இருப்பேனா? பலகையின் அடியில், நாருக்குக் குறுக்காக, இரண்டு இரும்புப் பட்டைகளை எபாக்ஸி தடவி, ஸ்க்ரூ போட்டு முறுக்கினேன். பலகை நேரானது. கீல் இடுக்கிலும் எபாக்ஸி. மின்சார சாண்டரால் பழைய பாலிஷை ஒரே மதியத்தில் சுரண்டி, பாலியூரித்தேன் பூசினேன். கண்ணாடி மாதிரி இருந்தது. போட்டோ எடுத்து நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினேன். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் நாலு பேராவது "சூப்பர் மச்சி" என்று பதில் போட்டார்கள்.

ஜனவரி வந்தது. வீட்டில் ஹீட்டர் இரவும் பகலும் ஓடியது. ஒரு ராத்திரி ஹாலில் படாரென்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், கீழ்ப்பலகை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பிளந்திருக்கிறது.

காரணம் எளிது. மரம் நீளவாட்டில் அநேகமாகச் சுருங்காது. அகலவாட்டில் காற்றின் ஈரத்துக்கு ஏற்றபடி சுருங்கும், விரியும். ஒன்றரை அடி பலகைக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் சாதாரணம். செய்தவர் அதற்கு இடம் விட்டிருந்தார். அந்த இடத்தை நான் இரும்பு போட்டு அடைத்தேன். இருநூறு குளிர்காலம் தாங்கிய பலகை என் முதல் குளிர்காலத்தைத் தாங்கவில்லை.

இப்போது சொல்லப் போவது இந்தக் கல்லூரியில் நான் யாரிடமும் சொல்லாதது. என் அப்பா தச்சர். முதல் வருஷம் விண்ணப்பத்தில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் 'சுயதொழில்' என்று எழுதினேன். கார்ப்பென்ட்ரி ஷாப்பில் டவ்டெயில் இணைப்பு செய்யச் சொன்னபோது, பத்து வயதிலேயே கைவந்த வேலையை வேண்டுமென்றே சுமாராகச் செய்தேன். நன்றாகச் செய்தால் எங்கே கற்றாய் என்று கேட்பார்களே என்ற பயம். அப்படி மறைத்து மறைத்து, கடைசியில் நிஜமாகவே மறந்துவிட்டது.

அந்த மே மாதம் அப்பா எங்களோடு ஒரு மாதம் இருக்க வந்தார். வந்த அன்றே தரையில் படுத்து மேசையின் அடியைப் பார்த்தார். "யாருப்பா இந்த வேலையைச் செஞ்சது?" என்றார். "நான்தான்ப்பா." ஒன்றும் சொல்லவில்லை. மரக்கீலை ரொம்ப நேரம் தடவிப் பார்த்துவிட்டு, "இதைச் செஞ்சவன் பெரிய வேலைக்காரன்" என்றார். பிறகு மெதுவாக, "பலகைக்கு அகலவாட்டுல மூச்சு விட இடம் வேணும் தம்பி. உனக்குச் சொல்லியிருக்கேனே" என்றார். சொல்லியிருக்கிறார். பல தடவை.

பழைய மரச் சாமான்களைச் சீர்செய்யும் ஒரு பெரியவரிடம் மேசையைக் கொண்டுபோனோம். பட்டறைக்குள் நுழைந்ததும் அப்பா மூக்கை உறிஞ்சி, "வச்சிரம் காய்ச்சறாங்க" என்றார். ஆமாம், அடுப்பில் மாட்டுத்தோல் பசை. ஒருவருக்கு ஆங்கிலம் தெரியாது, மற்றவருக்குத் தமிழ் தெரியாது. இழைப்புளியைக் கையில் வாங்கிப் பார்த்தும், தலையாட்டியும், அரை மணி நேரம் பேசிக்கொண்டார்கள். மொழிபெயர்க்கப் போன எனக்கு வேலையே இல்லை.

அந்தப் பெரியவர் என்னிடம் சொன்னது இதுதான்: "1790இல் போட்ட பசையை வெந்நீரும் சூடும் இருந்தால் நான் இளக்கிவிடுவேன். நீங்கள் போட்டதை இளக்க எனக்கு வழியில்லை." எபாக்ஸியைச் செதுக்கித்தான் எடுத்தார். நாலு மாதம் ஆனது. மேசை விலையைப்போல் மூன்று மடங்கு கூலி. பிளவில் மெல்லிய மஹோகனிச் சிம்பு வைத்து ஒட்டினார். தழும்பு தெரியும். நான் சுரண்டித் தள்ளிய பழைய மெருகு திரும்ப வரவில்லை, வரவும் வராது.

வெளிநாட்டில் இப்படிப்பட்ட மேசை வாங்க நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். மேலே பார்க்காதீர்கள், கவிழ்த்து அடியில் பாருங்கள். திரும்பும் காலை நாலு தடவை திருப்பிப் பாருங்கள். மேலடுக்கு படிகிறதா என்று பாருங்கள், ஆனால் சிறு வளைவுக்குப் பயப்படாதீர்கள். ஸ்க்ரூ ஒன்றைக் கழற்ற அனுமதித்தால் நுனியைப் பாருங்கள். கூர்முனை ஸ்க்ரூ 1840களுக்குப் பிறகு வந்தது, அதற்கு முந்தியது மழுங்கலாக இருக்கும். ஹீட்டருக்கும் ஏ.சி.க்கும் எதிரே போடாதீர்கள். ஊருக்குக் கொண்டுவந்தால் கரையானும் உளுவும் உண்டு, ஜாக்கிரதை.

மாணவர்களுக்கு ஒன்றே ஒன்று. நாளைக்கு உங்கள் கையில் பழைய இயந்திரம் வரும், பழைய கட்டடம் வரும், வேறு யாரோ எழுதிய புரோகிராம் வரும். உடனே இரும்புப் பட்டை போடாதீர்கள். செய்தவர் எதற்கு இடம் விட்டிருக்கிறார் என்று முதலில் பாருங்கள். நமக்குப் பின்னால் வருகிறவன் கழற்ற முடிகிற மாதிரி செய்யுங்கள். முக்கியமாக, வீட்டில் தெரிந்தவர் இருந்தால் அவரைக் கேளுங்கள்.

மேசை இப்போது ஹாலில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை விரித்தால் பிள்ளைகள் தாயம் ஆடுகிறார்கள். அப்பா மூன்றாவது வரிசையில் வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருக்கிறார். விண்ணப்பத்தில் எழுதாததை இந்த மேடையில் சொல்லிவிட்டேன் அப்பா.