முந்தைய மதிப்பெண்ணும் மருத்துவக் கல்வியும்



தமிழ்நாட்டை விட்டு வெளிமாநிலங்களில் குடியேறி வாழும் நம்மவர் இல்லங்களில் ஒரு பெட்டி இருக்கும். மாற்றுச் சான்றிதழ்களும் மதிப்பெண் பட்டியல்களும் அதில் அடைந்து கிடக்கும். உத்தியோகம் ஊர் மாறும்போதெல்லாம் அதுவும் நம்மோடு ரயிலேறும். எங்கள் பெட்டியிலிருந்த ஒரு தாளைப் பற்றியே இன்று பேச முற்பட்டோம். அது எங்கள் மகள் 2015ஆம் ஆண்டில் பெற்ற பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல். பௌதிகம், இரசாயனம், உயிரியல் மூன்றும் சேர்ந்து நூற்றுக்கு 54.

மதுரையில் தமிழ் வழியில் பத்தாம் வகுப்புவரை நன்றாகப் பயின்றவள் அவள். டில்லிக்கு மாற்றல் வந்தது. பாடம் முழுதும் ஆங்கிலத்தில் நடக்கும் பள்ளியில் அவளைச் சேர்த்தோம். வகுப்பில் ஆசிரியர் சொல்வதை விளங்கிக்கொள்ளவே அவளுக்கு ஓராண்டு பிடித்தது. அதன் பயன் அந்த 54. மருத்துவம் பயில விரும்புவதாக அவள் சொன்னபோது, "இந்த மதிப்பெண்ணுக்கு மருத்துவக் கல்லூரியா?" என்று கேட்டோம். அதன்பின் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆய்வுக்கூடப் பயிற்சி பெற்று ஒரு மருத்துவமனையில் வேலைக்கு அமர்ந்தாள்.

நாங்கள் அவ்வாறு கேட்டதற்குக் காரணம் இருந்தது. அந்நாளில் தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டே மருத்துவ இடங்கள் வழங்கப்பட்டன. ஓரிரு மதிப்பெண் குறைந்தாலும் இடம் கைநழுவும். அந்த ஊர்க் கணக்கையே டில்லியிலும் போட்டுப் பார்த்தோம். அகில இந்திய நுழைவுத் தேர்வு என ஒன்று அப்போதும் நடந்துவந்தது என்பதை நாங்கள் விசாரிக்கவே இல்லை.

பல ஆண்டுகள் கழித்து, ஒருநாள் இரவு உணவின்போது, "இப்போது விண்ணப்பிக்கலாமா, அப்பா?" என்று அவள் கேட்டாள். இம்முறை மறுமொழி கூறுமுன் விதிகளைத் தேடிப் படித்தோம். படித்தபின் தலைகுனிந்தோம்.

விதி கூறுவது இது. பன்னிரண்டாம் வகுப்பில் அந்த மூன்று பாடங்களிலும் சேர்த்துப் பொதுப் பிரிவினர் நூற்றுக்கு 50 பெற்றிருக்க வேண்டும். தாழ்த்தப்பட்ட, பழங்குடி, பிற்பட்ட வகுப்பினருக்கு 40 போதும். இந்த எல்லையைத் தாண்டியவர்களுக்கு, பழைய மதிப்பெண் தர வரிசையில் ஒரு புள்ளியும் கூட்டுவதில்லை, குறைப்பதுமில்லை. நீட் தேர்வில் பெறும் மதிப்பெண்ணே வரிசையை முடிவு செய்கிறது. எந்தத் தாளை நாங்கள் மூடிய கதவென்று கருதினோமோ, அது திறந்த வாயிலின் நுழைவுச் சீட்டாக இருந்தது! கதவைச் சாத்தியது விதியன்று, நாங்களே.

வயது? 2018இல் பொதுப் பிரிவினருக்கு 25 வயது என்ற மேல் வரம்பு விதிக்கப்பட்டது. அது வழக்கு மன்றம் சென்றது. 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் அவ்வரம்பையே நீக்கிவிட்டது. உயிரியலைப் பள்ளியில் பயிலாதவர்களும், பின்னர் அதனைக் கூடுதல் பாடமாக எழுதித் தகுதி பெறலாம் என 2023இல் அனுமதி வந்தது.

வெளிமாநிலத்தில் வாழ்வோர் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். அரசுக் கல்லூரி இடங்களில் நூற்றுக்கு 15 அகில இந்தியப் பங்கு. அதற்கு எம்மாநிலத்தவரும் போட்டியிடலாம். எஞ்சியவற்றுக்கு அந்தந்த மாநிலத்தின் விதி வேறு. டில்லியின் பங்கிற்குப் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புகளை டில்லியில் பயின்றிருக்க வேண்டும். தமிழ்நாட்டைப் பூர்வீகமாகக் கொண்டு வெளியில் பயின்றோர், தமிழ்நாட்டு இடங்களைக் கோர இருப்பிடச் சான்றிதழும் பெற்றோரின் சான்றுகளும் காட்ட வேண்டும். இரு மாநிலங்களில் ஒருசேர உரிமை கோர இயலாது. ஆகவே பெட்டியிலுள்ள பழைய தாள்களைப் பத்திரமாக வைத்திருங்கள்.

வாயில் திறந்திருக்கிறது என்பதற்காக வழி எளிது என்று சொல்லமாட்டோம். 2024ஆம் ஆண்டில் இத்தேர்வை 23 லட்சத்திற்கும் மேற்பட்டோர் எழுதினர்; நாட்டிலுள்ள எம்.பி.பி.எஸ். இடங்களோ ஏறத்தாழ 1 லட்சத்துப் பத்தாயிரம். அவற்றிலும் எளிய குடும்பத்தார் கட்டணம் செலுத்தத்தக்க அரசு இடங்கள் பாதியளவே. இடம் கிடைத்தாலும் நாலரை ஆண்டுப் படிப்பு, ஓராண்டு உள்ளுறைப் பயிற்சி. சம்பளம் நின்றுபோகும். முப்பதை நெருங்குபவர் இதை எண்ணிப் பார்க்காமல் இறங்கலாகாது.

எங்கள் மகளும் எண்ணிப் பார்த்தாள். ஒரு துளி இரத்தத்தை நுண்ணோக்கியில் கண்டு மலேரியாக் கிருமியை அடையாளம் காட்டுவாள். மின்சுற்றுக் கணக்கு மட்டும் மறந்து போயிருந்தது. தேர்வின் 720 மதிப்பெண்ணில் 360 உயிரியலுக்கு. எஞ்சியது பௌதிகத்திற்கும் இரசாயனத்திற்கும் சரிபாதி. தவறான விடை ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் கழியும். எனவே பழைய பள்ளிப் பாடநூல்களை முதல் பக்கத்திலிருந்து தொடங்கினாள். காலையில் வேலைக்குச் செல்லுமுன் இரண்டு மணி நேரம், இரவில் இரண்டு மணி நேரம். சமையலறை மேசையில் விளக்கெரியும்.

அவளுக்கு நாங்கள் ஒருவருடைய வரலாற்றைச் சொன்னோம். ஆல்பர்ட் சுவைட்சர் சிறுவயதில் மூல்ஹவுஸ் பள்ளியில் தொடக்கத்தில் மிகவும் பின்தங்கிய மாணவர். பின்னர் சமய நூற்புலவராகவும் ஆர்கன் இசைக் கலைஞராகவும் பெயர் பெற்றார். 1905இல், முப்பது வயதில், ஸ்ட்ராஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவரானார். இளைஞர்களுக்கிடையே அமர்ந்து பௌதிகமும் இரசாயனமும் கற்றார். 1913இல் ஆப்பிரிக்காவின் லம்பரெனே சென்று மருத்துவமனை அமைத்தார். எல்லாரும் சுவைட்சர் ஆக வேண்டியதில்லை. தொடக்கத்துத் தளர்ச்சி முடிவன்று என்பதே நாம் கொள்ள வேண்டிய பாடம்.

முதல் முயற்சியில் அவளுக்கு இடம் கிட்டவில்லை. முடிவு வந்த அன்று நாங்கள் மூவரும் அதிகம் பேசவில்லை. மறுநாள் விடியற்காலை அதே மேசையில் விளக்கெரிந்தது. இத்தனை முறைதான் எழுதலாம் என்ற கட்டுப்பாடு இத்தேர்வுக்கு இல்லை, மீண்டும் எழுதப்போகிறாள். இடம் கிடைக்குமா? அறியோம். ஆனால் இம்முறை அதைத் தேர்வு முடிவு செய்யட்டும். பெற்றோராகிய நாங்கள் முன்கூட்டித் தீர்ப்புச் சொல்லமாட்டோம்.

உங்கள் வீட்டிலும் அத்தகைய தாளொன்று இருக்கக்கூடும். அதனைப் பார்த்துத் தலையசைக்குமுன், விதியை ஒருமுறை படித்துப் பாருங்கள். பிறகு அந்தப் பிள்ளையை அழைத்து, இப்போதும் விருப்பம் உண்டா என்று கேளுங்கள்.