சங்கக் கணக்கும் வாட்ஸ்அப் குழுவும்

(கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரையின் ஒரு பகுதி)



இன்று நம் ஊர்களில் வாட்ஸ்அப் குழு இல்லாத வீதி இல்லை. கமக்காரர் குழு, பழைய மாணவர் குழு, கோயிற் குழு, கடல் கடந்து வாழும் ஊரவர் குழு என எத்தனையோ! ஆயினும், இருநூறு பேரை ஒரு பட்டியலிற் சேர்த்துவிட்டாற் சமூகம் உண்டாகிவிடுமா?

1911 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தோடு இந்நாட்டிற் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் சட்ட அங்கீகாரம் பெற்றன. அவற்றுட் பல அளவிலாப் பொறுப்புச் சங்கங்கள். அதாவது, சங்கம் பட்ட கடன் தீராவிடின், ஒவ்வோர் அங்கத்தவரின் உடைமையும் அதற்குப் பிணை. ஆகவே கடன் கேட்பவர் யார், எதற்காகக் கேட்கிறார், சென்ற போகத்தில் வாங்கியதைத் தீர்த்தாரா என்று அயலவர் ஆராயவேண்டியிருந்தது. கணக்குப் பொதுக்கூட்டத்தில் வைக்கப்பட்டது. எழுந்து வினாவ எந்த அங்கத்தவருக்கும் உரிமை இருந்தது. (வினாவியவரை முறைத்துப் பார்த்த காரியதரிசிகளும் இருந்திருப்பார்கள், அது வேறு கதை!) அங்கே நம்பிக்கை வெறும் நல்லெண்ணத்தால் வளரவில்லை, பொறுப்பினால் வளர்ந்தது.

இன்றைய குழுக்களில் அப்பொறுப்பு எங்கே? "எனக்கு வந்தது, நான் அனுப்பினேன்" என்பதோடு எல்லாம் முடிந்துவிடுகிறது.

அதன் விலையை இந்நாடு கண்டிருக்கிறது. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தின் கறியிற் காணப்பட்ட கட்டியை மலட்டு மாத்திரை என்றார்கள். அந்தக் காணொளி பேஸ்புக் வழியே பரவியது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது வெறும் மாக்கட்டியே என்று அரச பகுப்பாய்வாளர் பின்னர் அறிக்கையிட்டார். அதற்கிடையில், மார்ச்சில், திகனையிலும் கண்டியைச் சூழ்ந்த ஊர்களிலும் வீடுகளும் கடைகளும் எரிந்துவிட்டன. 2020 மே மாதத்திலே பேஸ்புக் நிறுவனம் மன்னிப்புக் கோரிற்று. எரிந்த கடைக்காரருக்கு அம்மன்னிப்பால் ஆனதென்ன?

வதந்தியை அடக்க அரசு கையாண்ட வழியோ எல்லோர் வாயையும் அடைப்பதாயிருந்தது. 2018 மார்ச்சிலும், 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின்னரும், சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. பொய் சொன்னவனோடு சந்தை விலை கேட்ட கமக்காரனும் தண்டிக்கப்பட்டான். 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமோ, எது பொய்யுரை என்று முடிவுசெய்யும் அதிகாரத்தை ஐவர் கொண்ட ஆணைக்குழுவுக்கு அளித்தது. அவசரகாலச் சட்டத்தையும் பயங்கரவாதத் தடைச் சட்டத்தையும் அனுபவித்த தமிழ் மக்கள் இதை ஐயத்தோடு நோக்குவதில் வியப்பில்லை. நம் குழுக்களை நாமே ஒழுங்குசெய்யாவிடின், பிறர் கை நீள்வதற்கு நாமே காரணம் தேடிக் கொடுத்தவர்களாவோம்.

ஒழுங்கு செய்வது எவ்வாறு? நீதிமன்றத்தில் நாம் நாளாந்தம் கைக்கொள்ளும் விதியொன்று உண்டு. 1895 ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டத்து 60 ஆம் பிரிவின்படி, கண்டதைக் கண்டவரே சொல்லவேண்டும்; கேட்டதைக் கேட்டவரே சொல்லவேண்டும். குழுவில் ஒரு செய்தி இடுபவர், தாம் கண்டதா, யார் சொன்னது, எந்த நாளில் என்று மூன்று சொல் சேர்த்து எழுதட்டும். பிழையென்று தெரிந்தால் அதனைச் சத்தமின்றி அழித்துவிடாது, அதே குழுவில் திருத்தம் எழுதட்டும். அழித்த செய்தி ஏற்கெனவே பத்துக் குழுக்களுக்குப் போயிருக்கும்; திருத்தமும் அவ்வழியே போகவேண்டாமா?

பசளை வருகிறது, வரவில்லை, மானியம் வெட்டப்பட்டுவிட்டது என்று மாதம் முழுவதும் சண்டையிடுகிறோம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் எழுதினால், 14 வேலை நாட்களுக்குள் அதிகாரி முடிவு சொல்லக் கடமைப்பட்டவர். அந்தப் பதிலைப் படமெடுத்துக் குழுவில் இடுங்கள், ஊகத்துக்கு இடமிராது.

பணம் சேர்க்கும் விடயம் இன்னும் நுட்பமானது. குளத்துக்கென்றும் பாடசாலைக்கென்றும் வெளிநாட்டிலிருந்து வரும் உதவி பலமுறை முறிவது களவினால் அன்று, கணக்கின்மையால். பற்றுச்சீட்டும் வங்கி மீதியும் மாதந்தோறும் குழுவில் வைக்கப்பட்டால், கனடாவிலுள்ள ஊரவரும் அன்றைய சங்க அங்கத்தவரைப் போலவே எழுந்து வினாவலாம். முறைத்துப் பார்ப்பவர்களைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

நமது பிரதேசக் கமக்காரர் குழுவுக்கு மூன்று பொறுப்பாளர் வேண்டும்: ஒருவர் கமக்காரர், ஒருவர் பெண், ஒருவர் கணக்குத் தெரிந்தவர். மூவரும் ஒரே கட்சிக்காரராயிருத்தல் ஆகாது. நம் கட்சியாயினும் ஆகாது. முன்வருவோர் மண்டபத்தை விட்டுச் செல்லுமுன் வாசலிலுள்ள கொப்பியிற் பெயரை எழுதுமாறு கேட்டுக்கொள்கிறோம்.