தொடர்பியல் பட்டமும் தாய்மொழி எழுத்தும்



பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும், தில்லியிலும் மும்பையிலும் பெங்களூரிலும் வாழும் நம்மவர் இல்லங்கள் சிலவற்றில் ஒரு வழக்கு எழுகின்றது. மகளோ மகனோ, "இளங்கலையில் தொடர்பியல் படிக்கப் போகின்றேன்" என்கின்றார். "அதைப் படித்தால் நிலையான உத்தியோகம் கிடைக்குமா?" என்று தந்தையார் வினவுகின்றார். இரு தரப்பிலும் நியாயம் இருக்கின்றது. ஆயினும் வழக்கின் மூலப்பொருளை இரு தரப்பாரும் தொடுவதில்லை என்பது நமது எண்ணம். அதையே இன்று சற்று ஆராய்வோம்.

தொடர்பியல் என்பது யாது? ஒருவர் அறிந்த செய்தியை மற்றொருவர் உள்ளங்கொள்ளுமாறு சேர்ப்பிக்கும் முறையை ஆராயும் துறை. சொல்பவர் யார், சொல்லப்படுவது எது, எவ்வழியாக, எவருக்கு, விளைந்த பயன் என்ன என்னும் ஐந்து வினாக்களை அமெரிக்க அறிஞர் ஹெரால்டு லாஸ்வெல் 1948ஆம் ஆண்டில் வகுத்தார். இன்றும் முதலாண்டு மாணவர் பயிலும் பாடம் அது. அதனோடு செய்தி எழுதுதல், பிரதியைத் திருத்துதல், ஒலிப்பதிவு, படப்பிடிப்பு, விளம்பரம், பத்திரிகைச் சட்டம், இணைய ஊடகம் ஆகியவையும் பாடத்திட்டத்தில் இடம்பெறுகின்றன.

இவ்வறிவின் பயனுக்கு நம் மண்ணிலேயே சான்று உண்டு. 1960களில் தஞ்சை மாவட்டத்து உழவர்கள் ஆடுதுறை 27 என்னும் புதிய நெல்லை 'ரேடியோ நெல்' என்றே அழைத்தனர். திருச்சிராப்பள்ளி வானொலி அதன் சாகுபடி முறையை உழவருக்கு விளங்கும் தமிழில் எடுத்துரைத்தமையே இதற்குக் காரணம். பின்னர், 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டுக் காலம், செயற்கைக்கோள் வழியே ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்குத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் அனுப்பப்பெற்றன. இந்தி, ஒரியா, தெலுங்கு, கன்னடம் என நான்கு மொழிகளில் அவை தயாராயின. விண்ணிலே எத்தகைய கருவி சுழன்றாலும், இறுதியில் அது கேட்பவரின் மொழியில் வந்து இறங்க வேண்டியிருக்கின்றது.

இனி, சேர்க்கை பற்றிச் சில சொற்கள். மத்தியப் பல்கலைக்கழகங்களின் இளங்கலைச் சேர்க்கைக்கென 2022 முதல் பொது நுழைவுத் தேர்வு நடைபெறுகின்றது. அதனை எழுதக்கூடிய 13 மொழிகளுள் தமிழும் ஒன்று. தில்லிப் பல்கலைக்கழகத்தில் லேடி ஸ்ரீராம், கமலா நேரு முதலிய கல்லூரிகளில் இதழியல் இளங்கலை உண்டு. மும்பைப் பல்கலைக்கழகக் கல்லூரிகளிலும் மக்கள் தொடர்பியல் பட்டப்படிப்பு உண்டு. இளங்கலை ஒன்றே இத்துறைக்கு வாயில் என்பதுமில்லை. 1965இல் தில்லியில் தோன்றிய இந்திய மக்கள் தொடர்பியல் கழகம், பட்டதாரிகளுக்கான பட்டயப் படிப்பினாலேயே பெயர் பெற்றது. ஆகவே, வரலாறோ பொருளாதாரமோ இலக்கியமோ பயின்ற பின்னரும் இத்துறைக்கு வரலாம்.

தந்தையாரின் அச்சம் ஆதாரமற்றதன்று. தொடக்கத்தில் பல இடங்களில் ஊதியம் குறைவு. வேலை நேரமும் ஒழுங்காயிராது. பட்டம் மட்டும் கையிலிருந்தால் போதாது. படிக்கும்போதே எழுதிப் பழகியவருக்கே இடம் கிடைக்கின்றது. அவ்வாறாயின் எம்மொழியில் எழுதுவது? இங்கேதான் மூலப்பொருள் வருகின்றது.

மொழிபெயர்ப்புப் பணியிலுள்ள நாம் அடிக்கடி காணும் காட்சி இது. தொடர்பியலில் நல்ல மதிப்பெண் பெற்ற இளைஞர்கள் வருகின்றனர். வீட்டுத் தமிழைச் சரளமாகப் பேசுகின்றனர். ஆங்கிலத்தில் வந்த புயல் எச்சரிக்கையைத் தமிழில் எழுதித் தருமாறு கேட்டால், சிலருக்கு எழுத்தே வருவதில்லை. வேறு சிலர், "மீனவர்கள் கடலுக்குள் செல்லாதிருக்குமாறு அறிவுறுத்தப்படுகிறார்கள்" என்று எழுதுகின்றனர். "மீனவர்களே, கடலுக்குப் போகாதீர்கள்" என்றாலன்றோ கரையில் நிற்பவர் காதில் அது விழும்! முன்னது ஆங்கிலத்தின் நிழல், பின்னது செய்தி. உயிரைக் காக்க வேண்டிய வாக்கியத்தில் இவ்வேறுபாடு சிறிதன்று.

வெளி மாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகளுக்கு ஒரு பெரும்பேறு வாய்த்திருக்கின்றது. வீட்டில் தமிழ், தெருவில் இந்தியோ மராத்தியோ கன்னடமோ, பள்ளியில் ஆங்கிலம். மூன்று மொழிகளில் கேட்டறியும் செவி, ஒரே மொழிச் சூழலில் வளர்ந்தவருக்கு எளிதில் அமைவதில்லை. ஆனால் தமிழ் செவியோடு நின்று கண்ணுக்கும் கைக்கும் எட்டாமற் போனால், அம்மூலதனத்தில் ஒரு பகுதி முடங்கிக் கிடக்கும். தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகள் போன்ற வாய்ப்பு எல்லா ஊர்களிலும் இல்லை. அது இல்லாத ஊரில் வீடே பள்ளியாக வேண்டும்.

ஆகையால் பெற்றோருக்கு நாம் கூறுவது இதுவே: பிள்ளையின் விருப்பத்தைத் தடுக்க வேண்டாம், அதற்கு ஒரு நிபந்தனை விதியுங்கள். நாள்தோறும் அரைமணி நேரம் தமிழ்ச் செய்தித்தாளை வாய்விட்டுப் படிக்கட்டும். வாரம் ஒரு முறை ஆங்கிலச் செய்தி ஒன்றைக் கேட்டு, ஊரிலுள்ள பாட்டிக்குப் புரியும் வண்ணம் பத்து வரிகளில் தமிழில் எழுதட்டும். எழுதியதைத் தொலைபேசியில் பாட்டிக்கே படித்துக் காட்டட்டும். பாட்டி மறுகேள்வி கேட்டால், அவ்வரியை மாற்றி எழுதட்டும். கல்லூரியில் சேருமுன்னரே தொடங்கக்கூடிய பாடம் இது, கட்டணமும் இல்லை.