பயணக் கூட்டத்தில் இல்லாத பிள்ளை

(திருக்குடும்ப விழாவையொட்டி ஒலிபரப்பான வானொலி அருளுரை. நற்செய்தி: லூக்கா 2:41-52)



இன்றைய நற்செய்தியில் 12 வயதுப் பிள்ளை காணாமல் போகிறார். பாஸ்கா விழாவுக்காக எருசலேம் சென்ற யோசேப்பும் மரியாவும் ஊர் திரும்புகிறார்கள். தனியாக அல்ல, கூட்டமாகத் திரும்புகிறார்கள். நம் ஊர்களிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடந்து செல்லும் திருப்பயணிகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே காவி உடை, ஒரே கொடி, ஒரே செபம். யார் பிள்ளை யாரோடு நடக்கிறது என்று யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை. எல்லாரும் நம்மவர்கள்தானே! அந்த நம்பிக்கையில்தான் திருக்குடும்பத்தின் பெற்றோரும் ஒரு நாள் முழுவதும் நடந்தார்கள். பிறகு தேடினால், பிள்ளை உறவினரிடமும் இல்லை, அறிமுகமானவர்களிடமும் இல்லை.

அந்தக் கூட்டத்தில் கெட்டவர்கள் இருந்ததாக லூக்கா எழுதவில்லை. அது நல்ல கூட்டம்தான். ஆனாலும் பிள்ளை அங்கே இல்லை. அப்போது அந்தப் பெற்றோர் கூட்டத்தோடு சேர்ந்து மேலே நடக்கவில்லை, திரும்பினார்கள். திரும்பி நடக்கிறவர்களுக்கு வழித்துணை கிடைப்பதில்லை. எதிரே வருகிறவர்கள்தான் அதிகம்.

சில மாதங்களுக்கு முன்பு மண்டகப்பட்டுப் பக்கத்திலிருந்து ஓர் இளம் தம்பதியர் நம்மைப் பார்க்க வந்தார்கள். அவர்கள் யார் என்பது இங்கே தேவையில்லை. அவர்களுடைய சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறோம். அவர்களுக்கு எட்டு வயதில் ஒரு பெண் குழந்தை. பள்ளி நாள்களில் காலையில் எழுந்ததும் வயிற்றுவலி என்று சுருண்டு படுத்துவிடும். மருத்துவர்கள் பார்த்தார்கள், நோய் எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமையில் வலி இல்லை, கோடை விடுமுறையிலும் வலி இல்லை. பள்ளியை மாற்றினார்கள். வலியும் புதுப் பள்ளிக்குக் கூடவே போனது.

அந்தத் தாய் சொன்னார்: "சாமி, பிள்ளைய வீட்டுலயே வச்சிப் படிக்க வைக்கலாம்னு முடிவு பண்ணியிருக்கோம். ஆனா எங்கள மாதிரி யோசிக்கிறவங்க இந்தப் பக்கம் ஒருத்தர்கூட இல்ல. சென்னையில இருக்காங்களாம், ஆரோவில் பக்கம் இருக்காங்களாம். இங்க நாங்க மட்டுந்தான்."

நாம் என்ன சொன்னோம்? "இன்னொரு பள்ளிக்கூடம் பாருங்கம்மா" என்று சொல்லி, வேறொரு கூட்டத்திற்குக் கிளம்பிவிட்டோம். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அதன்பின் இரண்டு ஞாயிறு அவர்கள் பூசைக்கு வரவில்லை. மூன்றாவது ஞாயிறு வந்தார்கள். கோயில் வாசலில் ஒருவர் அன்பாகத்தான் கேட்டார்: "பாப்பா, எந்த ஸ்கூல் படிக்கிற?" குழந்தை தாயின் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. நமக்குப் பின்னால் இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள்: "டி.சி. வாங்கிட்டாங்களாம். பிள்ளைக்கு ஏதோ குறையாம்."

அன்பார்ந்தவர்களே, ஒரு குடும்பத்தை ஊர் ஒதுக்கிவைக்கச் சண்டை தேவையில்லை. இப்படி இரண்டு வார்த்தை போதும். அந்த வார்த்தையைப் பேசியவர்களும் நாம்தான், பத்து நிமிடத்தில் எழுந்து போனவர்களும் நாம்தான்.

ஆனால் அந்த வீட்டில் இன்னொரு குரலும் இருக்கிறது. அதையும் கேட்க வேண்டும். அது பாட்டியின் குரல். அவர் சொன்னார்: "பள்ளிக்கூட வாசல மிதிக்க நாங்க பட்ட பாடு இதுங்களுக்குத் தெரியாது சாமி. அப்பல்லாம் சாமியாருங்க வீட்டுக்கு வந்து பிள்ளைங்க கையப் புடிச்சி அழைச்சிட்டுப் போனாங்க. எனக்குத்தான் குடுத்து வைக்கல. இப்ப இதுங்களே வேணான்னு நிக்குதுங்க."

பாட்டி சொல்வதில் பொய் இல்லை. நம் பகுதியின் ஏழை மக்களுக்கு, குறிப்பாகச் சேரி மக்களுக்கு, பள்ளி என்பது சும்மா கிடைத்ததல்ல. மறைப்பணியாளர்கள் தொடங்கிய பள்ளிகளும் விடுதிகளும் எத்தனையோ குடும்பங்களை நிமிர வைத்தன. இன்றும் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் பெற்றோரோடு போய்ப் படிப்பை இழக்கும் பிள்ளைகள் உண்டு. ஆகவே ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறோம். வேலைக்கு அனுப்புவதற்காகவோ, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வதற்காகவோ, பெண் வயதுக்கு வந்துவிட்டாள் என்பதற்காகவோ பிள்ளையை நிறுத்துவது வீட்டுக் கல்வி அல்ல. அது பிள்ளையின் உரிமையைப் பறிப்பது. 6 முதல் 14 வயது வரை கல்வி பிள்ளையின் உரிமை என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. பாட்டியின் கண்ணீருக்கு அந்தச் சட்டத்தின் நியாயம் இருக்கிறது.

ஆனால் பள்ளிக்கு அனுப்பியது எதற்காக? பிள்ளை நிமிர்ந்து நிற்பதற்காக. அங்கே அது சுருண்டு போகிறது என்றால் பெற்றோர் என்ன செய்வார்கள்? நாமெல்லாரும் அன்பு செய்யும் சிறுமலர் தெரேசா, 1881இல் லிசியே நகரில் துறவியர் நடத்திய பள்ளியில் சேர்ந்தபோது அவருக்கு எட்டரை வயது. சக மாணவியரின் பொறாமையும் சீண்டலும் அவரை வாட்டின. அந்த ஆண்டுகளைத் தம் வாழ்வின் மிகத் துயரமான காலம் என்று பின்னாளில் அவரே எழுதினார். 13 வயதில் உடல்நலம் குன்றியபோது தந்தை லூயி மார்ட்டின் அவரைப் பள்ளியிலிருந்து நிறுத்தினார். பிறகு தனி ஆசிரியை ஒருவரிடம் பாடம் படித்தார். 1997இல் அதே தெரேசாவைத் திருச்சபையின் மறைவல்லுநர் என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அறிவித்தார். பள்ளியை விட்டவர்கள் எல்லாம் புனிதர் ஆவார்கள் என்பதல்ல இதன் பொருள். தம் பிள்ளையின் முகத்தைப் பார்த்து முடிவெடுத்த ஒரு தந்தை இருந்தார் என்பதே பொருள். அவரும் இன்று புனிதர்.

திருச்சபை என்ன சொல்கிறது? இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை, பெற்றோரே பிள்ளைகளின் முதல் ஆசிரியர்கள், முதன்மை ஆசிரியர்கள் என்று கற்பிக்கிறது. பள்ளி பெற்றோருக்குத் துணை. ஆனால் அதே அறிக்கை, பெற்றோரின் இந்தக் கடமைக்குச் சமுதாயம் முழுவதும் உதவ வேண்டும் என்றும் கூறுகிறது. முதல் பாதியை அந்தத் தம்பதியருக்குச் சொல்வது எளிது. இரண்டாம் பாதி நமக்குச் சொல்லப்பட்டது.

"எங்களைப் போல் நினைப்பவர்கள் யாருமில்லையே" என்ற தவிப்பு புதிதல்ல. நம் தமிழ் பேசும் மண்ணிலேயே அது நடந்தது. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள், வழிபாடு தடை செய்யப்பட்டது. கோயில்கள் ஒல்லாந்தரின் சபைக்குப் போயின. அவற்றோடு சேர்ந்த பள்ளிகளுக்குப் பிள்ளைகள் கட்டாயம் போக வேண்டும், போகாவிட்டால் தண்டம். பள்ளியில் சொல்லிக்கொடுத்த மறை வேறு, வீட்டின் மறை வேறு. ஏறத்தாழ 30 ஆண்டுகள் குருவில்லை, பூசையில்லை. பிள்ளைக்குச் செபமாலை கற்றுக்கொடுக்க வீட்டில் இருந்தவர்கள் தாயும் தந்தையும் பாட்டியும்தான். பக்கத்து வீட்டார் என்ன நினைக்கிறார் என்று கேட்கவும் அச்சம்.

1687இல் கோவாவிலிருந்து யோசேப்பு வாஸ் என்ற குரு மாறுவேடத்தில் அங்கே வந்து சேர்ந்தார். யார் கத்தோலிக்கர் என்று அவருக்குத் தெரியாது, வாய்விட்டுக் கேட்கவும் முடியாது. அவர் ஒரு செபமாலையைக் கழுத்தில் அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார். செபமாலையைக் கண்டதும் எந்த முகம் மாறுகிறது என்று பார்த்தார். ஒரு வீடு அடையாளம் காட்டியது. அந்த வீட்டின் வழியாக அடுத்த வீடு, அதன் வழியாக இன்னொன்று. சில்லாலை அவருடைய பணிக்கு மையமானது. அவரை 2015 சனவரி 14 அன்று கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக உயர்த்தினார்.

அந்தப் பெற்றோர் பள்ளியை விட்டு விலகியவர்கள் அல்ல, விலக வழியே இல்லாதவர்கள். ஆனாலும் ஒன்று கற்றுக்கொள்கிறோம். ஒத்த மனமுள்ள கூட்டம் கூடிய பிறகு அவர்கள் வீட்டில் கற்பிக்கத் தொடங்கவில்லை. வீட்டில் முதலில் உண்மையாக இருந்தார்கள், கூட்டம் பிறகு தெரிந்தது. அதுவும் ஒருவர் படியேறி வந்து கதவைத் தட்டியதால் தெரிந்தது.

மண்டகப்பட்டு என்றதும் அங்குள்ள குகைக் கோயில் உங்களில் பலருக்கு நினைவு வரும். ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னர் மகேந்திரவர்மர் குடைவித்தது. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் இதை எடுப்பித்தேன் என்று மன்னர் அங்கே கல்வெட்டில் பொறித்து வைத்தார். பார்க்கப் போகிறவர்கள் அந்த நான்கு 'இல்லாமல்'களை வியக்கிறார்கள். ஆனால் பாறை இல்லாமல் அவரும் கட்டவில்லை. பாறைமீது வீடு கட்டியவரைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமையும் நமக்குத் தெரியும்.

வீட்டில் பிள்ளையைப் படிக்க வைக்க நினைக்கும் பெற்றோரே, பெஞ்சு இல்லாமல், மணி இல்லாமல், சீருடை இல்லாமல், உங்களைப் போல் நினைக்கும் நண்பர்கள்கூட இல்லாமல் தொடங்கலாம். சில காரியங்கள் இல்லாமல் தொடங்க முடியாது. முதலாவது, பிள்ளையின் மனம். அச்சத்தினாலோ கோபத்தினாலோ மட்டும் முடிவெடுக்காதீர்கள். பிள்ளையைக் கேளுங்கள். ஓர் ஆண்டு என்று எல்லை வைத்து, முடிவில் மறுபடி கேளுங்கள். திரும்பவும் பள்ளிக்குப் போக ஆசைப்பட்டால் அதைத் தோல்வி என்று எண்ணாதீர்கள். இரண்டாவது, அன்றாட ஒழுங்கு. எழுதியதைத் தேதி போட்டு வையுங்கள். தேர்வுக்கு வழி இருக்கிறது: நம் மாநிலத்தில் 12½ வயது முடிந்தவர் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக 14 வயதில் பத்தாம் வகுப்பும் எழுதலாம். இவற்றை முன்பே விசாரித்து வையுங்கள். மூன்றாவது, திறந்த கதவு. பிள்ளைக்குப் பிள்ளைகள் வேண்டும். ஞாயிறு மறைக்கல்வி, தெருவிளையாட்டு, ஊர் நூலகம் எதையும் நிறுத்தாதீர்கள். பள்ளிக்கு அனுப்புகிறவர்கள் தம் பிள்ளைமேல் அக்கறை இல்லாதவர்கள் என்ற எண்ணம் மட்டும் மனத்தில் நுழையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பங்கு மக்களே, நமக்கும் வேலை இருக்கிறது. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, 2021 அக்டோபர் 27 அன்று, நம் விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில்தான் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கிவைக்கப்பட்டது. பிறகு மாலை நேரங்களில் திண்ணையிலும் மரத்தடியிலும் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தவர்கள் யார்? பக்கத்து வீட்டு அக்காக்களும் அண்ணன்களும்தான். அவர்கள் எல்லாரும் ஒத்த கருத்துள்ளவர்களா? இல்லை, ஒரே தெருக்காரர்கள். நம் அன்பியமும் அப்படித்தான். ஒரே கருத்துள்ளவர்களை நாம் அன்பியமாகச் சேர்க்கவில்லை. அடுத்தடுத்த வீட்டாரைச் சேர்த்தோம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வாரம் ஒரு மணி நேரம் கொடுக்கலாம். தையல் தெரிந்த அம்மா, மோட்டார் பழுது பார்க்கும் தம்பி, ஏர் பிடிக்கும் பெரியவர், எல்லாரிடமும் பாடம் இருக்கிறது. அந்தப் பெற்றோரின் முடிவை ஏற்க முடியாவிட்டால் வேண்டாம், பரவாயில்லை. "எந்த ஸ்கூல்?" என்று கேட்பதற்குப் பதிலாக, "பாப்பா, இந்த வாரம் என்ன கத்துக்கிட்ட?" என்று கேட்கலாமே!

நாமும் காலம் தாழ்த்தித்தான் அந்த வீட்டுக்குப் போனோம். திண்ணையில் பாட்டி மல்லாட்டையைப் படியால் அளந்து சாக்கில் கொட்டிக்கொண்டிருந்தார். குழந்தை பக்கத்தில் உட்கார்ந்து நோட்டில் எண்ணிக்கை எழுதிக்கொண்டிருந்தது. எத்தனை படி ஒரு மரக்கால் என்று பாட்டி கேட்க, குழந்தை விரல் விட்டுச் சொன்னது. "இப்ப சம்மதமா பாட்டி?" என்றோம். "இன்னும் மனசு ஒப்பல சாமி. ஆனா கணக்க மட்டும் நான் சொல்லிக் குடுத்துடுறேன்" என்றார். வரும் ஜூன் மாதத்தில் பிள்ளையிடம் மறுபடி கேட்கப் போகிறார்கள். என்ன பதில் வரும் என்று யாருக்கும் தெரியாது. அதுவரை அந்த வீட்டுக்கு நாம் போய் வருவோம்.

அன்பார்ந்தவர்களே, யோசேப்பும் மரியாவும் மூன்று நாள்களுக்குப் பின் இயேசுவைக் கோவிலில் கண்டார்கள். அவர் போதகர்களின் நடுவே அமர்ந்து, கேட்டுக்கொண்டும் கேள்வி எழுப்பிக்கொண்டும் இருந்தார். பிறகு நாசரேத்துக்குச் சென்று பெற்றோருக்குப் பணிந்து வளர்ந்தார். போதகர் அவையும் அவருக்கு வேண்டியிருந்தது, வீடும் வேண்டியிருந்தது. ஆனால் தேடிய அந்த நாள்களில் அவர்களோடு திரும்பி நடந்த உறவினர் யாரையும் லூக்கா குறிப்பிடவில்லை. அவ்வளவு பெரிய கூட்டத்திலிருந்து அவர்கள் இருவர் மட்டுமே தேடிப் போனார்கள் போலும். நம் பங்கில் எந்தத் தாயும் தந்தையும் அப்படித் தனியாகத் தேட வேண்டாம்.

மன்றாடுவோம்: நாசரேத்து இல்லத்தில் வளர்ந்த இயேசுவே, பிள்ளைகளுக்காகக் கலங்கும் பெற்றோருக்குத் தெளிவைத் தாரும். அவர்களுடைய வாசலில் கால் வைக்கும் மனத்தை எங்களுக்குத் தாரும். ஆமென்.