பங்குக் குறிப்புக்குச் சந்தா தகுமா?

(நம் சங்க மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



நம் சேலம், நாமக்கல் ஜில்லாக்களில் லாரியாலும் கோழிப் பண்ணையாலும் ஜவ்வரிசி ஆலையாலும் பாடுபட்டுத் தேடிய பொருள் இக்காலத்தில் பங்கு மார்க்கெட்டை நோக்கியும் செல்கின்றது. அதனை யான் குறை கூறேன். ஆனால், "இன்ன பங்கை இன்ன விலைக்கு வாங்குக, இன்ன விலைக்கு விற்க" என்று கைப்பேசியில் அனுப்பப்படும் குறிப்புகளுக்காக நம் வாலிபர் சிலர் மாதச் சந்தா கட்டி வருகின்றனர். அது தகுமா என்பதே இன்று யான் பேச எடுத்துக்கொண்ட விஷயம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். சந்தா மாதம் 2,000 ரூபாய் எனின் வருஷத்திற்கு 24,000 ரூபாய் ஆகின்றது. 1 லட்சம் முதல் உடையவர் நூற்றுக்கு 24 வீதம் லாபம் கண்டால்தான் அச்சந்தா மீளும். தரகும் வரியும் வேறு. 20 லட்சம் உடையவர்க்கோ அது நூற்றுக்கு 1.2 மாத்திரமே. ஆகவே இச்சுமை சொற்ப முதல் உடையவர் தலையிலேயே பெரிதும் விழுகின்றது.

"குறிப்புப் பலித்தால் சந்தா ஒரு பொருட்டா?" என்று சிலர் ஆட்சேபிக்கலாம். அமெரிக்காவில் ஆல்பிரட் கவுல்ஸ் என்பார், 16 நிலையங்கள் 1928 முதல் 1932-ஆம் வருஷ நடுவரை கூறிய சுமார் 7,500 குறிப்புகளை ஆராய்ந்து 1933-ல் முடிவை வெளியிட்டார். அவை சாதாரணப் பங்குகளின் சராசரியைக் காட்டிலும் வருஷத்திற்கு நூற்றுக்கு 1.43 வீதம் குறைந்த பலனையே தந்தன. குறிப்பில்லாமல் பல பங்குகளையும் பரவலாக வாங்கியவரே மேல் என்பது கருத்து.

அங்ஙனமாயின் நம்பிக்கை எவ்வாறு பிறக்கின்றது? ஒருவன் 1,600 பேரில் பாதிப் பேருக்கு "விலை ஏறும்" என்றும், மற்றப் பாதிக்கு "இறங்கும்" என்றும் எழுதுகின்றான். பொய்த்தவர்களை விட்டு, பலித்த 800 பேருக்கே மறுபடியும் அவ்விதம் எழுதுகின்றான். ஐந்தாம் முறையில் 50 பேர் அவனைத் தீர்க்கதரிசி என்று போற்றுவர். அவர்களிடமே சந்தா கேட்கப்படும்!

இதனினும் கொடியது ஒன்றுண்டு. மலிவான பங்கைத் தாம் முன்னதாக வாங்கிக்கொண்டு, பிறரை வாங்கத் தூண்டி, விலை ஏறியதும் விற்று விலகுவோர் இருக்கின்றனர். சாத்னா பிராட்காஸ்ட் என்னும் கம்பெனியின் பங்கில், 2022-ல் யூடியூப் மூலம் பொய்ச்செய்தி பரப்பி இவ்வாறு செய்ததாகவே 2023 மார்ச்சில் செபி ஆணை பிறப்பித்தது.

திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் பூமியைத் துளைப்பதை நாம் அறிவோம். நீரோட்டம் பார்ப்பவர் இடத்தைக் காட்டிக் கூலி பெற்றுப் போகின்றார். ஆயிரம் அடியிலும் புகையே வந்தால் நஷ்டம் குடியானவருடையது. அவர் கூலியைத் திருப்பித் தருவதில்லை. குறிப்பு விற்பவர் நிலையும் இதுவே. நம் நஷ்டத்தில் அவருக்குப் பங்கில்லை.

எல்லோரும் வஞ்சகர் என்று யான் கூறவில்லை. குடும்பத்தின் கடன், இன்ஷூரன்ஸ், பிள்ளைகளின் படிப்பு முதலியவற்றை ஆராய்ந்து வழி கூறும் ஆலோசகருக்குக் கட்டணம் தருவது நியாயமே. ஆயினும் அவர் செபியில் பதிவு பெற்றவரா என்று பார்த்தல் வேண்டும். ஆலோசகரின் பதிவெண் ஐ.என்.ஏ. என்றும், ஆராய்ச்சியாளரின் பதிவெண் ஐ.என்.எச். என்றும் தொடங்கும், செபியின் இணையத்தளத்தில் சரிபார்க்கலாம். நிச்சய லாபம் தருவதாக வாக்களிப்பது சட்டவிரோதம். அவ்வாக்கைக் கேட்ட மாத்திரத்தில் விலகுக.

வாலிபர்களே! 'எப் அண்டு ஓ' என்னும் ஊக வியாபாரத்தில் 2024 மார்ச் வரையிலான மூன்று வருஷங்களில் நூற்றுக்கு 93 தனி நபர்கள் நஷ்டமடைந்தனர் என்று செபி வெளியிட்டுள்ளது. அத்துறைக்குரிய குறிப்பை விலை கொடுத்து வாங்குதல் நஷ்டத்திற்குச் சந்தா கட்டுவதேயாகும். தகப்பனார் இரவு பகலாய் லாரி ஓட்டிச் சேர்த்த பணம் அது. சந்தா கட்டுமுன் அதனை வீட்டாரிடம் வெளிப்படையாகச் சொல்லத் துணிவு வருமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். வராதாயின் கட்டாதீர்கள் என்று கேட்டுக்கொண்டு, இவ்வளவில் என் உரையை முடிக்கின்றேன்.